கோலிகள் மோதினால் பாதி ஆற்றலைக் காணோம்: பிளஸ் ஒன் சோதனைக்கு உதவி தேவை

கோலிக்காரன் (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். பத்தாவது வரை தமிழ் மீடியம், இப்போது பிளஸ் ஒன் சயின்ஸ். சப் ஜில்லா சாஸ்திரோத்சவத்தில் (கேரளப் பள்ளி அறிவியல் விழா) இம்ப்ரொவைஸ்டு எக்ஸ்பெரிமெண்ட் (கிடைக்கும் எளிய பொருளில் செய்யும் சோதனை) பிரிவுக்கு உந்த அழிவின்மையை, அதாவது மோதலில் நிறை பெருக்கல் வேகத்தின் கூட்டுத்தொகை மாறாது என்பதை, எடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் லேபில் ஏர் டிராக் (காற்றில் மிதக்கவிட்டு உராய்வைக் குறைக்கும் தடம்) எல்லாம் கிடையாது. ஜன்னல் வேலையில் மீந்த அலுமினிய எல் ஆங்கிள் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் மூலை கீழே வரும்படி மரக்கட்டையில் பதித்து, ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்தேன். இன்னொரு சின்னத் துண்டை ஒரு முனையில் சரிவாக வைத்தேன். சரிவில் ஒரு கண்ணாடிக் கோலியை விட்டால் அது மட்டமான இடத்துக்கு உருண்டு வந்து, அங்கே சும்மா நிற்கும் இன்னொரு கோலியை இடிக்கும். இரண்டும் நகைக்கடைத் தராசில் 5.4 கிராம். குறுக்களவு 16 மில்லிமீட்டர்.

பக்கவாட்டில் இஞ்ச் டேப் ஒட்டி, போனில் வீடியோ எடுத்து, டிராக்கர் மென்பொருளில் போட்டு வேகம் பார்த்தேன். மோதும் முன் வினாடிக்கு 0.78 மீட்டர். மோதிய பின் இடித்த கோலி 0.35, இடிபட்ட கோலி 0.42. நிறை சமம் என்பதால் வேகங்களைக் கூட்டினால் போதும்: 0.77. உந்தம் கிட்டத்தட்ட 99 விழுக்காடு சரி.

குழப்பம் இயக்க ஆற்றலில்தான். கணக்குப் போட்டால் 49 விழுக்காடுதான் மிஞ்சுகிறது. சம நிறையுள்ள இரண்டு பொருள் மீட்சி மோதலில், அதாவது இயக்க ஆற்றல் குறையாத மோதலில், மோதினால் முதலாவது நிற்கும், இரண்டாவது அதே வேகத்தில் போகும் என்று பாடத்தில் இருக்கிறது. என்னுடையது இரண்டுமே முன்னால் போகிறது, அதுவும் ஒன்றின் பின் ஒன்றாக. ஒட்டிக்கொண்டு போகும் முழு மீட்சியற்ற மோதலில்தான் சரியாகப் பாதி ஆற்றல் போகும். கண்ணாடி எப்படிக் களிமண் ஆனது?

ரெக்கார்டுநோட்டு (பொள்ளாச்சி)

தம்பி, உந்தம் 99 வந்துவிட்டதல்லவா, அதை மட்டும் சார்ட்டில் பெரிதாக எழுது. ஆற்றலைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. யாராவது கேட்டால் "சத்தமாகவும் வெப்பமாகவும் போனது" என்று சொல்லிவிடு. நாங்கள் எல்லாம் வைவாவில் அப்படித்தான் தப்பித்தோம்.

சித்தூர்டீச்சர் (சித்தூர், பாலக்காடு)

நடுவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். நானும் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன், சும்மா சொல்லவில்லை.

சத்தம் என்ற பதில் இங்கே எடுபடாது. கோலி இடிக்கும் 'டக்' சத்தத்தில் போகும் ஆற்றல் மிகக் கொஞ்சம். பாதி ஆற்றலைச் சத்தம் விழுங்க முடியாது.

கோலிக்காரா, இரண்டு விஷயம் சொல். மோதிய இடத்தில் இருந்து எவ்வளவு தூரம் தள்ளி வேகத்தை அளந்தாய்? வீடியோ வினாடிக்கு எத்தனை ஃபிரேம்?

கோலிக்காரன்

டீச்சர், மோதிய இடத்துக்குப் பக்கத்தில் ஃபிரேம் எல்லாம் மங்கலாக இருந்ததால் 30 சென்டிமீட்டரில் இருந்து 60 சென்டிமீட்டர் வரை எடுத்தேன். வீடியோ சாதாரண 30 ஃபிரேம்.

லேத்துப்பட்டறை (வேலந்தாவளம்)

கண்ணாடி மோசமான பொருள் இல்லை தம்பி. அதை முதலில் தனியாகச் சோதித்துப் பார். வீட்டில் கிரானைட் மேடை இருந்தால் 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து கோலியை விடு. எவ்வளவு எழும்புகிறது என்று ஸ்கேல் வைத்துப் பார். எழும்பிய உயரத்தை விழுந்த உயரத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் மீட்சிக் குணகம், அதாவது மோதிய பின் விலகும் வேகம் நெருங்கிய வேகத்தில் எத்தனை பங்கு என்பது. போனில் ஃபைபாக்ஸ் செயலி போட்டால் அதுவே சத்தத்தைக் கேட்டு, குதிக்கும் இடைவெளியை வைத்துக் கணக்குப் பண்ணிக் கொடுத்துவிடும். ஜெர்மனியில் ஆகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, இலவசம்.

இது சரியாக வந்தால் கோலியின் மேல் பழி இல்லை. எல் ஆங்கிளின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கோலிக்காரன்

பார்த்தேன் அண்ணா. 50 சென்டிமீட்டரில் இருந்து விட்டால் 44 வரை எழும்புகிறது. குணகம் 0.94. அப்படியானால் மோதலில் பெரிய நஷ்டம் இருக்கக் கூடாது. இருந்தும் தடத்தில் பாதி போகிறது.

கணவாய்க்காற்று (கஞ்சிக்கோடு)

இப்போது கேள்வி சூடுபிடித்துவிட்டது. முப்பது வருஷம் பிளஸ் டூ பிசிக்ஸ் எடுத்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகத்தில் மோதும் பொருள்கள் எல்லாம் சுழலாதவை. உன் கோலி உருண்டு வருகிறது. அதாவது அதனிடம் முன்னோக்கிப் போகும் வேகமும் இருக்கிறது, சுழற்சியும் இருக்கிறது. மோதல் நடக்கும் அந்தக் கணத்தில் கண்ணாடியும் கண்ணாடியும் ஒன்றையொன்று நேராகத் தள்ளுகின்றன. தள்ளுவதால் முன்னோக்கு வேகம் கைமாறும். சுழற்சி கைமாறாது. வழவழப்பான இரண்டு கண்ணாடி ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தொட்டுக்கொண்டால் சுழற்சி எங்கே போய்ச் சேரும்?

ஆகவே மோதிய மறுகணம் நிலைமை இப்படி: இடித்த கோலி நின்ற இடத்திலேயே முன்போலவே சுழன்றுகொண்டிருக்கிறது. இடிபட்ட கோலி முழு வேகத்தில், ஆனால் சுழலாமல், வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டுமே தடத்தோடு உரசுகின்றன. உராய்வு முதல் கோலியை முன்னால் தள்ளும், இரண்டாவதைப் பின்னால் இழுக்கும். இரண்டும் மறுபடி ஒழுங்காக உருள ஆரம்பிக்கும் வரை இந்த உரசல் நடக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திடக் கோளத்தின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதன் அளவு), நிறை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம் பெருக்கல் 2/5. சமதளமான மேசையில் உருண்டால் சுழற்சி ஆற்றல், இடப்பெயர்ச்சி ஆற்றலில் 2/5 பங்கு. அங்கே கடைசியில் இடித்த கோலிக்கு மூல வேகத்தில் 2/7, இடிபட்டதற்கு 5/7 கிடைக்கும். ஆனால் உன் தடம் 90 பாகை 'வி'. கோலி அடியில் தொடவில்லை, இரண்டு பக்கச் சுவர்களில் தொடுகிறது. தொடும் புள்ளிகள் மையத்தில் இருந்து ஆரத்தின் 0.707 பங்கு மட்டுமே கீழே இருக்கின்றன. அதே வேகத்தில் போக கோலி இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். 2/5 என்பது 4/5 ஆகிவிடுகிறது. அப்போது கடைசிப் பங்கு 4/9, 5/9.

0.78-ஐ 4/9 ஆல் பெருக்கு: 0.347. 5/9 ஆல் பெருக்கு: 0.433. நீ அளந்தது 0.35, 0.42.

ஆற்றல்? அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 4, 5 இரண்டின் வர்க்கம் 16-ம் 25-ம் கூட்டினால் 41, கீழே 9-இன் வர்க்கம் 81. அதாவது 50.6 விழுக்காடு. மீதிப் பாதி மோதலில் போகவில்லை. மோதலுக்குப் பிறகு அலுமினியத்தில் உரசிய சில சென்டிமீட்டரில் வெப்பமாகப் போனது. நீ 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்தாய், அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உராய்வுக் குணகம் 0.2 என்று வைத்தால் உரசும் நேரம் ஏறக்குறைய 0.13 வினாடி. 30 ஃபிரேம் வீடியோவில் அது நாலே நாலு படம்.

சுழற்சி இயக்கம் உனக்கு அடுத்த பாடத்தில்தான் வரும். அதனால் இது உன் கண்ணில் படாததில் ஆச்சரியம் இல்லை.

சித்தூர்டீச்சர்

கணவாய்க்காற்று மாஷ் (வாத்தியார்) சொன்னதை இன்றே சோதிக்கலாம். போனில் ஸ்லோ மோஷன் 240 ஃபிரேம் இருந்தால் போடு. இரண்டு கோலியிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வை, சுழல்வது தெரியும். வெளிச்சம் நிறைய வேண்டும். டியூப் லைட் அடியில் எடுத்தால் மினுக்கும், முற்றத்தில் பகலில் எடு.

பனங்காட்டான் (கோவிந்தாபுரம்)

மாஷ், ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. உராய்வு என்பது வெளிவிசை. வெளிவிசை இருந்தால் உந்தம் மாறும், அதுதான் விதி. உங்கள் விளக்கப்படி மோதலுக்குப் பிறகு தரை ஒரு கோலியைத் தள்ளுகிறது, இன்னொன்றை இழுக்கிறது. அப்புறம் எப்படி உந்தம் 99 விழுக்காடு வந்தது? தற்செயலாக என்றால் இந்தச் சோதனை எதையுமே நிரூபிக்கவில்லை. தம்பி இதைக் கொண்டுபோய் உந்த அழிவின்மை என்று சொன்னால் அது பொய்.

கணவாய்க்காற்று

நியாயமான சண்டை. சமநிறைக் கோலி விஷயத்தில் தரை ஒன்றுக்குக் கொடுத்ததை மற்றதிடம் இருந்து எடுத்தது. அதனால் கூட்டுத்தொகை மாறவில்லை. ஆனால் இது தற்செயல் இல்லை.

கோலிகள் தடத்தைத் தொடும் உயரத்தில், போகும் திசைக்குக் குறுக்காக ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள். உராய்வு விசை அந்த உயரத்திலேயே செயல்படுகிறது. அதனால் அந்தக் கோட்டைப் பொறுத்து அதற்குத் திருப்புவிசை, அதாவது சுழற்றும் திறன், கிடையாது. எடையும் தடத்தின் எதிர்விசையும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. மோதல் விசை உள்விசை. எனவே அந்தக் கோட்டைச் சுற்றிய மொத்தக் கோண உந்தம் (சுற்றும் இயக்கத்துக்கான உந்தம்) மோதலுக்கு முன், மோதலின்போது, உரசும்போது, உரசல் முடிந்த பின் என எப்போதும் மாறாது. இரண்டும் ஒழுங்காக உருளும்போது ஒவ்வொன்றின் கோண உந்தமும் அதன் நிறை பெருக்கல் வேகத்துக்கு நேர்விகிதம். இரண்டுக்கும் ஆரம் ஒன்றென்றால் விகித மாறிலியும் ஒன்று. எனவே நிறை பெருக்கல் வேகத்தின் கூட்டுத்தொகை கடைசியில் பழைய மதிப்புக்கே வந்து நிற்கும். நிறைகள் வேறாக இருந்தாலும் சரி, கண்ணாடிக்குப் பதில் மரமாக இருந்தாலும் சரி.

தம்பி அளந்த 99 விழுக்காடு நேர்க்கோட்டு உந்தத்துக்கான சாட்சி இல்லை என்று நீ சொல்வதை ஏற்கிறேன். அது கோண உந்தத்துக்கான சாட்சி. இரண்டு வேடமும் ஒரே ஆள் கட்டியது மாதிரி எண் மட்டும் ஒன்றாக வந்துவிட்டது.

பனங்காட்டான்

சமநிறையாக இல்லாவிட்டால் நடுவில் கூட்டுத்தொகை மாறியே ஆக வேண்டுமே?

கணவாய்க்காற்று

மாறும். ஒரே அளவு எஃகுக் குண்டு கிடைத்தால் காட்டலாம். எஃகு கண்ணாடியைப் போல மூன்று மடங்கு கனம். எஃகு உருண்டு வந்து கண்ணாடியை இடித்தால், எஃகின் உரசல் சீக்கிரம் முடிந்துவிடும், கண்ணாடி நெடுநேரம் வழுக்கும். எஃகு உருள ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் கூட்டுத்தொகை மூல மதிப்பைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு கூடுதலாக இருக்கும், இரண்டுக்கும் உராய்வுக் குணகம் ஒன்றென்றால். பிறகு இறங்கி 100-க்கு வரும். 114 விழுக்காடு உந்தத்தைப் பார்த்தால் உங்கள் கட்சி ஜெயித்த மாதிரி.

லேத்துப்பட்டறை

குண்டு நான் தருகிறேன். லாரி பேரிங்கில் 5/8 இஞ்ச் குண்டு வரும், கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர், 16 கிராமுக்குக் கொஞ்சம் மேல். தம்பி சனிக்கிழமை வேலந்தாவளம் பக்கம் வந்தால் எடுத்துக்கொள். டீசலில் கழுவி, சோப்புப் போட்டுத் துடைத்து எடுத்துப் போ. கிரீஸ் ஒட்டியிருந்தால் உராய்வு கண்டபடி இருக்கும்.

கோலிக்காரன்

240 ஃபிரேமில் எடுத்துவிட்டேன்! மாஷ் சொன்னது அப்படியே தெரிகிறது. இடித்த கோலி மோதியதும் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. நெயில் பாலிஷ் புள்ளி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அப்புறம் யாரோ பின்னால் இருந்து தள்ளியது போல மெல்லக் கிளம்புகிறது. இடிபட்ட கோலியின் புள்ளி முதலில் சுற்றவே இல்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. மோதிய உடனே வரும் ஃபிரேம்களை மட்டும் எடுத்தால் அதன் வேகம் 0.75, இடித்த கோலி 0.02. ஆற்றல் 92 விழுக்காடு!

ஒரு சந்தேகம். இடித்த கோலி மோதும்போது கொஞ்சம் துள்ளுகிறது. அது ஏன்?

கணவாய்க்காற்று

முன்னால் உருளும் கோலியின் முன்முகம் கீழ்நோக்கி நகர்கிறது. தொடும் இடத்தில் சிறிது உராய்வு இருக்கத்தான் செய்யும். அது இடிபட்டதைக் கீழே அமுக்கி, இடித்ததை மேலே தூக்கும். பில்லியர்ட்ஸ் ஆடுபவர்களுக்குப் பழக்கமான துள்ளல். கோலிகளை நன்றாகத் துடைத்து வைத்தால் குறையும்.

அடுத்து இதைச் செய். கண்ணாடியை உருட்டி, நிற்கும் எஃகுக் குண்டில் இடிக்கவிடு. செய்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன்: கண்ணாடி பின்னால் துள்ளும், நிற்கும், திரும்பி மறுபடி முன்னால் வரும். மூல வேகத்தில் சுமார் 0.19 பங்கோடு எஃகின் பின்னாலேயே போகும். எஃகுக்கு 0.27 பங்கு. நிறை மூன்று மடங்கு என்பதால் 0.19-ஓடு மூன்று 0.27-ஐக் கூட்டினால் 1.

ரெக்கார்டுநோட்டு

பின்னால் போய்த் திரும்பி வருமா? மாஷ், இது கொஞ்சம் ஓவர்.

கோலிக்காரன்

வந்தது அண்ணா! எஃகில் பட்டுப் பின்னால் போகும்போதும் புள்ளி முன்னோக்கியே சுற்றுகிறது. ஒரு விரற்கடை தூரம் பின்வாங்கி, நின்று, திரும்பி வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். என் தங்கச்சி இதைத்தான் காட்ட வேண்டும், மற்றதெல்லாம் வேண்டாம் என்கிறாள்.

எஃகால் கண்ணாடியை இடித்தும் பார்த்தேன். மோதலுக்குச் சற்றுத் தள்ளி எடுத்த ஃபிரேம்களில் கூட்டுத்தொகை 110 விழுக்காடு, தூரத்தில் 98. பனங்காட்டான் அண்ணா சொன்னது போல நடுவில் மாறுகிறது.

சித்தூர்டீச்சர்

தங்கச்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது.

இதில் ஒரு பழைய கதையும் பொருந்துகிறது. பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட் 1644-இல் மோதலுக்கு ஏழு விதி எழுதினார். அவற்றில் ஒன்று: நிற்கும் பெரிய பொருளைச் சிறிய பொருள் எவ்வளவு வேகமாக இடித்தாலும் அசைக்கவே முடியாது, சிறியது அதே வேகத்தில் திரும்பிவிடும் என்பது. அவர் 'இயக்கத்தின் அளவு' என்று நிறையையும் வேகத்தையும் பெருக்கினார், ஆனால் திசையைச் சேர்க்கவில்லை. திசையோடு கூட்ட வேண்டும் என்பது 1668, 1669 வாக்கில் ஹைகன்ஸ், வாலிஸ், ரென் மூவரும் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதி அனுப்பியவற்றில்தான் தெளிவாகிறது. கட்டடக் கலைஞர் என்று நமக்குத் தெரிந்த கிறிஸ்டோபர் ரென் தான் அது. உன் எஃகுக் குண்டு அசைந்ததல்லவா? டெகார்ட்டுக்கு அதுவே பதில். போஸ்டரில் ஒரு மூலையில் போடு, பெரிதாக வேண்டாம்.

பனங்காட்டான்

எல்லாம் சரி. ஆனால் தலைப்பு உந்த அழிவின்மை. அதைக் காட்ட உருளல் இல்லாத ஏற்பாடு ஒன்று வேண்டாமா? தடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோலியை நூலில் கட்டித் தொங்கவிடு. நியூட்டன் செய்ததே அதுதான்.

கணவாய்க்காற்று

ஊசல் வேண்டும் என்பதில் உடன்படுகிறேன், தடத்தைத் தூக்கிப்போடுவதில் இல்லை.

நியூட்டன் 1687-இல் வந்த பிரின்கிபியா என்ற தன் நூலில், இயக்க விதிகளைச் சொன்ன கையோடு இந்தச் சோதனையை விவரிக்கிறார். பத்தடி நூல், அதாவது சுமார் 3 மீட்டர். 8, 12, 16 அடி வீச்சில் விட்டு மோதவைத்தார். காற்றுத் தடையால் குறையும் அளவை, மோதல் இல்லாமல் சும்மா ஆடவிட்டுப் பார்த்துக் கழித்துக்கொண்டார். எனக்கு இந்தப் பகுதியில் பிடித்ததே அந்தக் கழித்தல்தான். விதியைச் சொல்லிவிட்டுப் போகாமல், காற்று எவ்வளவு திருடியது என்று கணக்கு வைத்திருக்கிறார். ஒரு பொருள் இழந்த உந்தத்தை மற்றது பெற்றது. பிழை 3 அங்குலத்தைத் தாண்டவில்லை என்கிறார்.

விலகும் வேகத்துக்கும் நெருங்கிய வேகத்துக்குமான விகிதத்தையும் பொருளுக்குப் பொருள் கொடுத்திருக்கிறார். இறுக்கிக் கட்டிய கம்பளிப் பந்துக்கு 5-க்கு 9. எஃகுக்கு ஏறக்குறைய சமம். தக்கைக்குச் சற்றுக் குறைவு. கண்ணாடிக்கு 15-க்கு 16, அதாவது 0.94. தம்பி கிரானைட் மேடையில் எடுத்த எண்ணைப் பாருங்கள். ஒரே கண்ணாடி இல்லைதான், ஆனாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் தடத்தில் அதே விகிதத்தை நேரடியாக எடுத்தால் 0.42-இல் 0.35 போக 0.07, கீழே 0.78. சுமார் 0.09. தடம் கண்ணாடியைக் கம்பளியைவிட மோசமாகக் காட்டுகிறது. சமதள மேசையில் செய்தால் 0.4-க்குக் கொஞ்சம் கீழே வரும். ஒரே கோலி, மூன்று ஏற்பாடு, மூன்று எண். நடுவர் முன்னால் வைக்க இதைவிட நல்ல அட்டவணை எது? தடத்தில் குணகம் 0.8-க்குக் கீழே உள்ள பொருளை விட்டால், பின்னால் வருவது முன்னால் போவதைப் பிடித்து மறுபடி இடிக்கும். மர மணி கிடைத்தால் செய்து பார்.

ரெக்கார்டுநோட்டு

நூலும் வேண்டாம், வீடியோவும் வேண்டாம். கேரம் போர்டு எடுத்துக்கொள் தம்பி. காய் உருளாது, வழுக்கும். ஒரு காயால் இன்னொரு காயைச் சுண்டு. காய் நிற்கும் தூரத்தின் வர்க்கமூலம் வேகத்துக்கு நேர்விகிதம். ஸ்கேல் இருந்தால் போதும்.

லேத்துப்பட்டறை

யோசனை நல்லதுதான். ஸ்டிரைக்கரை மட்டும் சேர்க்காதே. அது 15 கிராம் வரை இருக்கும், காய் 5 முதல் 5.5. நிறை வேறாக இருப்பது நல்லதே, ஆனால் அடிப்பரப்பு வேறு, உராய்வு வேறு. தூரத்தை வைத்து வேகம் எடுக்கும் கணக்கு அங்கே உதைக்கும். பவுடர் ஒரே சீராக இல்லையென்றாலும் உதைக்கும். சாய்ந்து பட்டால் இரண்டு திசைக்கும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். இரு பரிமாண மோதலுக்கு வேண்டுமானால் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சித்தூர்டீச்சர்

கேரம் இப்போதைக்கு வேண்டாம், கவனம் சிதறும். ஊசலுக்கு வருவோம்.

ஒரு மீட்டர் நூல் போதும். ஒவ்வொரு கோலிக்கும் இரண்டு நூல், மேலே அகலமாகக் கட்டி 'வி' போலக் கீழே சேர்த்து. ஒற்றை நூலில் கட்டினால் பக்கவாட்டில் ஆடும், நேர்மோதல் கிடைக்காது. வேகம் அளக்க வீடியோகூடத் தேவையில்லை. எவ்வளவு தூரம் இழுத்து விடுகிறாயோ, தொடக்கப் புள்ளிக்கும் அடிப்புள்ளிக்கும் இடையே நேராக அளந்த நீளம், அதற்கு அடிமட்ட வேகம் நேர்விகிதம். ஒரு மீட்டர் நூலில் 25 சென்டிமீட்டர் இழுத்தால் வினாடிக்கு 0.78 மீட்டர். உன் தடத்தில் வந்த அதே வேகம். ஒப்பிட வசதி.

ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய். நம் பாலக்காட்டுக் கணவாயில் இந்த மாதக் காற்றுக்கு ஐந்து கிராம் கோலி எல்லாம் தாங்காது.

கோலிக்காரன்

கண்ணாடியில் நூல் ஒட்டவில்லை டீச்சர். ஃபெவிக்விக் போட்டும் மோதினால் பிய்த்துக்கொள்கிறது.

லேத்துப்பட்டறை

கோலியை உப்புத்தாளில் ஒரு இடத்தில் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கு. வளையத்துக்கு மெல்லிய செம்புக் கம்பி, மோட்டார் வைண்டிங் கம்பி போதும். அதை எம்சீல் வைத்து ஒட்டு, ஒரு ராத்திரி விடு. அப்புறம் எடை மறுபடி பார். எம்சீல் கிராம் கணக்கில் ஏறிவிடும், இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும்.

கோலிக்காரன்

சரியாக ஒட்டிவிட்டது அண்ணா. இப்போது ஒவ்வொன்றும் 5.9 கிராம். 25 சென்டிமீட்டர் இழுத்துவிட்டால் இடித்த கோலி நின்றுவிடுகிறது, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக ஆடுகிறது. இடிபட்டது 24 வரை போகிறது. மாஷ் சொன்னபடி மோதாமல் சும்மா ஆடவிட்டும் பார்த்தேன், ஒரு பக்கம் போவதில் குறைவது கண்ணுக்கே தெரியவில்லை.

பனங்காட்டான் அண்ணா, இது நேர்க்கோட்டு உந்தம்தானே?

பனங்காட்டான்

மோதும் கணத்தில் நூல் நேர்க்குத்தாக இருக்கிறது, அதன் விசை மேல்நோக்கி. படுக்கைத் திசையில் வெளிவிசை இல்லை. ஆமாம், இது அதுதான். இரண்டு கோலியின் மையமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

ஆனால் நான் இன்னமும் சொல்கிறேன், எல் ஆங்கிளை அங்கே கொண்டுபோகாதே. மேசையில் இருப்பது சின்ன இடம். நடுவர் ஐந்து நிமிஷம் நிற்பார். கோண உந்தம், தொடும் உயரத்துக் கோடு எல்லாம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

கணவாய்க்காற்று

கண்ணாடி பின்னால் போய்த் திரும்பி வருவதைப் பார்த்த நடுவர் நகரமாட்டார்.

சித்தூர்டீச்சர்

நடுவர் நாற்காலியில் இருந்து சொல்கிறேன்: இரண்டையும் வை. ஊசலை முதலில் காட்டு, எண்ணைச் சொல். அப்புறம் அதே அளவு கோலியைத் தடத்தில் விட்டு, "இங்கே ஏன் பாதி ஆற்றல் போகிறது?" என்று நீயே கேள். பதிலை நாலு வாக்கியத்தில் சொல்லப் பழகிக்கொள், கணக்கை நோட்டில் எழுதி வை. கேட்டால் மட்டும் திற. 240 ஃபிரேம் வீடியோவைப் போனில் தயாராக வை, நெட் இல்லாமல் ஓட வேண்டும்.

தராசையும் கையோடு எடுத்து வா. எம்சீல் ஒட்டிய கோலிகளைப் பார்த்ததும் நிறை சமமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

கோலிக்காரன்

சரி டீச்சர். தராசு பக்கத்து நகைக்கடை மாமாவுடையது. ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார், சாயங்காலம் ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.